400 மீட்டரில் நின்றுவிட்ட கப்பல்கள்: கன்டெய்னர் கப்பல் ஏன் இவ்வளவு பெரிதானது?

2006-இல் டென்மார்க்கின் மேர்ஸ்க் நிறுவனம் 'எம்மா மேர்ஸ்க்' என்ற கப்பலை ஓட்டத் தொடங்கியபோது அதன் நீளம் 397 மீட்டர். 2023-இல் வந்த 'எம்எஸ்சி ஐரினா'வின் நீளம் 399.9 மீட்டர். இடைப்பட்ட பதினேழு வருடத்தில் நீளம் மூன்று மீட்டர்கூடக் கூடவில்லை. ஆனால் எம்மா ஏற்றியது சுமார் 15,000 பெட்டி, ஐரினாவின் கொள்ளளவு 24,346 பெட்டி. கன்டெய்னர் கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எந்தத் திசையில் பெரிதாகின்றன என்று பார்த்தால்தான் இந்த விஷயத்தின் லாபமும் சிக்கலும் சேர்ந்து புரியும்.

முதலில் இந்தப் 'பெட்டி' என்பது என்ன கணக்கு என்று சொல்லிவிடுகிறேன். கப்பல் உலகத்தில் 20 அடி நீளமுள்ள ஒரு கன்டெய்னரை ஓர் அலகாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு டிஇயு என்று பெயர். நெடுஞ்சாலையில் லாரியில் போகும் நீளமான 40 அடி கன்டெய்னர் இரண்டு டிஇயு. ஆக 24,000 டிஇயு என்றால் நிஜத்தில் 24,000 இரும்புப் பெட்டிகள் இருக்காது, பெரும்பாலும் 40 அடிப் பெட்டிகள்தான் என்பதால் எண்ணிக்கை அதைவிடக் குறைவாகவே இருக்கும். இந்தக் கட்டுரையில் கொள்ளளவு என்று வரும் இடங்களிலெல்லாம் இந்த டிஇயு கணக்குதான்.

சரி, நீளாமலே 9,000 பெட்டி எப்படிக் கூடுதலாக ஏறியது? அகலத்தில் கொஞ்சம்: எம்மா 56 மீட்டர், ஐரினா 61 மீட்டருக்குச் சற்று மேல். எம்மாவின் மேல்தளத்தில் குறுக்கே 22 வரிசைப் பெட்டி வைக்கலாம், 2019-இல் வந்த 'எம்எஸ்சி குல்சுன்' கப்பலில் அது 24 ஆனது. உயரத்தில் கொஞ்சம்: முன்பு கப்பலின் பின்பாதியில் இருந்த மாலுமி அறைக் கட்டடத்தை முன்பக்கத்துக்கு நகர்த்திவிட்டார்கள். கப்பலுக்கு முன்னால் இவ்வளவு தூரத்துக்குள் கடல் கண்ணில் பட வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. மாலுமி அறை பின்னால் இருந்தால் அதற்கு முன்னால் இருக்கும் பெட்டிகளை அளவோடுதான் அடுக்க முடியும். அறை முன்னால் போனதும் அதற்குப் பின்னால் எவ்வளவு உயரம் அடுக்கினாலும் பார்வை மறைவதில்லை. மீதி, அடிவயிற்றில். வேகமாக ஓட வேண்டிய கப்பலின் அடிப்பகுதி ஒடுங்கலாக இருக்கும், மெதுவாக ஓடினால் போதும் என்று முடிவுசெய்த பிறகு அதை அகலமாகவும் கொழுத்தும் கட்ட முடிந்தது.

இனி, ஏன் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு 1956-க்குப் போக வேண்டும்.

அதற்கு முன்னால் சரக்குக் கப்பல் என்றால் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி, இரும்புக்கட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொன்றாக இறக்குவதுதான். நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் நாள்கணக்கில் உழைப்பார்கள். கப்பல் கடலில் இருந்த நாளுக்குச் சமமாகத் துறைமுகத்திலும் கட்டிக்கிடந்தது. அமெரிக்காவில் லாரி நிறுவனம் நடத்திவந்த மால்கம் மெக்லீன், லாரியின் பெட்டியை அப்படியே கழற்றிக் கப்பலில் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1956 ஏப்ரல் 26 அன்று, பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்றை மாற்றியமைத்த 'ஐடியல் எக்ஸ்', 58 பெட்டிகளோடு நியூயார்க்கை ஒட்டிய நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. கையால் ஏற்றினால் ஒரு டன்னுக்கு 5.86 டாலர் ஆன செலவு, இந்த முறையில் 16 சென்ட்டுக்குள் முடிந்தது என்று மெக்லீன் தரப்பு கணக்குக் காட்டியது.

இந்தக் கூலிச் செலவுக் குறைவைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது வேறு. பழைய முறையில் கப்பலைப் பெரிதாகக் கட்டிப் பயனே கிடையாது, ஏனென்றால் இரண்டு மடங்கு சரக்கு ஏற்றினால் துறைமுகத்தில் இரண்டு மடங்கு நாள் நிற்க வேண்டும், நிற்கிற கப்பல் காசு சம்பாதிக்காது, கடன் வட்டியும் சம்பளமும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கன்டெய்னர் வந்து அந்த நிற்கும் நேரத்தை மணிக்கணக்குக்குக் குறைத்தது. அதற்குப் பிறகுதான் 'பெரிய கப்பல்' என்பது அர்த்தமுள்ள யோசனையாக ஆனது.

பெரிய கப்பலில் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே பார்க்கலாம். பக்கத்துக்கு ஒரு மீட்டர் உள்ள சதுரமான தண்ணீர்த் தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆறு முகங்களுக்கும் சேர்த்து 6 சதுர மீட்டர் தகடு வேண்டும், உள்ளே 1,000 லிட்டர் பிடிக்கும். பக்கத்தை இரண்டு மீட்டராக்கினால் தகடு 24 சதுர மீட்டர், அதாவது நான்கு மடங்கு. ஆனால் பிடிக்கும் தண்ணீர் 8,000 லிட்டர், எட்டு மடங்கு. கப்பலுக்கும் இதே கதைதான். கொள்ளளவு கூடுகிற வேகத்தில் எஃகு கூடுவதில்லை. தண்ணீரில் உரசும் உடற்பரப்பும் அந்த வேகத்தில் கூடுவதில்லை என்பதால் எரிபொருளும் பெட்டி ஒன்றுக்குக் குறைகிறது. ஆட்கள் விஷயத்தில் இன்னும் அப்பட்டம்: 5,000 பெட்டிக் கப்பலானாலும் 20,000 பெட்டிக் கப்பலானாலும் ஓட்ட இருபது இருபத்தைந்து பேர் போதும்.

இந்தக் கணக்கு தெரிந்தும் ரொம்ப காலம் கப்பல்கள் ஓர் எல்லைக்குள்தான் இருந்தன. பனாமா கால்வாயின் பழைய நீர்ப்பூட்டுகளின் (தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குக் கொண்டுபோகும் கதவு வைத்த தொட்டிகள்) அகலம் சுமார் 33.5 மீட்டர், அதற்குள் நுழைய வேண்டுமென்றால் கப்பலின் அகலம் 32.3 மீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த அளவுக்குள் அடங்கும் கப்பலைப் 'பனாமாக்ஸ்' என்பார்கள். எந்தச் சமுத்திரத்துக்கும் போகக்கூடிய கப்பலாக இருக்கட்டும் என்று எல்லோரும் அதற்குள் கட்டினார்கள். 1988-இல் ஏபிஎல் என்ற அமெரிக்க நிறுவனம், எங்கள் கப்பல் பசிபிக்கிலேயே ஓடினால் போதும், பனாமா தேவையில்லை என்று முடிவெடுத்து அந்த அகலத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு கட்டுப்பாடு போய்விட்டது. சீனா உலகத்தின் தொழிற்சாலையாக மாறிக்கொண்டிருந்த காலம், ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பாதையில் சூயஸ் கால்வாய்தான் உண்டு, சூயஸில் நீர்ப்பூட்டே கிடையாது. அந்தப் பாதையில்தான் இந்தப் பூதங்கள் வளர்ந்தன, இன்றும் பெரும்பாலும் அங்கேதான் ஓடுகின்றன.

2008 நிதி நெருக்கடி இன்னொரு திருப்பம். எம்மா போன்ற கப்பல்கள் மணிக்கு 25 கடல் மைல் வேகத்தை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. சரக்கும் குறைந்து எண்ணெய் விலையும் உறுத்தியபோது நிறுவனங்கள் வேகத்தைக் குறைத்தன. கப்பலுக்கு வேண்டிய இயந்திர சக்தி, தோராயமாகச் சொன்னால், வேகத்தின் முப்படியாகக் கூடும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் ஒரு மணி நேரத்துக்கு எரியும் எண்ணெயில் கால்பங்குக்கு மேல் குறையும், பயணம் நீள்வதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். 2011-இல் மேர்ஸ்க், தென் கொரியாவின் டேவூ கப்பல்கட்டும் தளத்தில் ஒன்று சுமார் 19 கோடி டாலர் விலையில் 'ட்ரிபிள் ஈ' வகைக் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது இந்த மெதுவேகத்தை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். 2013-இல் முதல் கப்பல் வந்தது: 400 மீட்டர், 18,270 டிஇயு.

பார்த்தவுடன் மற்ற நிறுவனங்கள் சும்மா இருக்க முடியுமா? பெட்டி ஒன்றுக்கு ஆகும் செலவு ஒருவனுக்கு மட்டும் குறைந்தால் அவன் கட்டணத்தைக் குறைத்து மற்றவர்களை வெளியே தள்ளிவிடுவான். அதனால் 2014-இல் சீனாவின் சிஎஸ்சிஎல் 19,000, 2017-இல் ஹாங்காங்கின் ஓஓசிஎல் 21,000, 2019-இல் சுவிட்சர்லாந்தின் எம்எஸ்சி 23,000, 2020-இல் கொரியாவின் எச்எம்எம், அப்புறம் தைவானின் எவர்கிரீன் என்று ஒவ்வொருவராக அந்த வருடத்தின் 'உலகின் மிகப்பெரிய கப்பல்' பட்டத்தைச் சில காலம் வைத்திருந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் முடிவும் சரிதான், ஆனால் எல்லோரும் சேர்ந்து செய்யும்போது கடலில் இருக்கும் இடம் சரக்கைவிட அதிகமாகிவிடுகிறது. கட்டணம் சரிந்தது, 2016 ஆகஸ்டில் கொரியாவின் ஹன்ஜின் நிறுவனம் திவாலானது. துறைமுகக் கட்டணம் யார் தருவார்கள் என்று தெரியாததால் அதன் கப்பல்களைப் பல துறைமுகங்கள் உள்ளேயே விடவில்லை. சுமார் 1,400 கோடி டாலர் பெறுமான சரக்கு அவற்றில் சிக்கிக் கிடந்தது.

இங்கே ஆரம்பநிலை வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கன்டெய்னர் கப்பல் பஸ் போல, வாரம் ஒருமுறை குறித்த நாளில் வர வேண்டும். சீனாவிலிருந்து வட ஐரோப்பா போய்த் திரும்ப 12 வாரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், வாரம் ஒரு கப்பல் விட 12 கப்பல் வேண்டும். ஒன்று 19 கோடி டாலர் என்றால் ஒரே ஒரு வழித்தடத்துக்கே 228 கோடி டாலர் முதலீடு. அதோடு வாராவாரம் 20,000 பெட்டியை நிரப்பவும் வேண்டும். தனியாக ஒரு நிறுவனத்தால் இது பெரும்பாலும் முடியாது. அதனால்தான் போட்டியாளர்களே கூட்டணி வைத்து, ஒருவர் கப்பலில் இன்னொருவர் பெட்டியை ஏற்றிக்கொள்கிறார்கள். கப்பலின் மேல் எழுதியிருக்கும் பெயரும் அதில் அடுக்கியிருக்கும் பெட்டிகளின் பெயர்களும் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது துறைமுகத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் இந்த முழு விஷயத்தின் மையமாகப் படுகிறது. கரையில் நிற்கும் ராட்சத கிரேன்கள் கப்பலின் நீளவாக்கில் வரிசையாக நின்று வேலை செய்கின்றன. ஒன்றுக்கொன்று இடைவெளி வேண்டும், எனவே ஒரு கப்பலுக்கு எத்தனை கிரேன் வைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது கப்பலின் நீளம். நீளம்தான் 400 மீட்டரிலேயே நிற்கிறதே! அகலமும் உயரமும் கூடியதால் பெட்டி அதிகம், ஆனால் தூக்கும் கிரேன் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. அதற்கு மேல், அகலமான கப்பலின் கடைசி வரிசையிலிருக்கும் பெட்டிக்காகக் கிரேனின் கொக்கி ஒவ்வொரு தடவையும் அதிக தூரம் போய்வர வேண்டும். ஆறு கிரேன், ஒவ்வொன்றும் மணிக்கு 30 பெட்டி என்று வைத்தால், இறக்குவதும் ஏற்றுவதுமாக 8,000 பெட்டிக்கு 44 மணி நேரம். எந்த நிற்கும் நேரத்தை ஒழித்ததால் கன்டெய்னர் ஜெயித்ததோ, அந்த நேரம் வேறு வழியாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

கப்பல் கிளம்பிய பிறகும் கரையில் வேலை முடிவதில்லை. முன்பு இரண்டு மூன்று கப்பல்களில் பிரிந்து வந்த பெட்டிகள் இப்போது ஒரே நாளில், பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டில் குவிகின்றன. இரண்டு நாள் லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசைகட்டி நிற்கும், அடுத்த சில நாள் யார்டும் ஆட்களும் சும்மா. அந்த உச்ச நாளுக்காகவே அதிக நிலம், அதிக கிரேன், அகலமான சாலை எல்லாம் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது. 2021-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே 100-க்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்துக்கிடந்ததற்குக் கொரோனா கால வாங்கல் முதல் காரணம் என்றாலும், கரையில் பெட்டிகளை நகர்த்த முடியாமல் போனதுதான் அந்த வரிசையை அவ்வளவு நாள் இழுத்தது.

இந்தக் கட்டுமானத்துக்கெல்லாம் பணம் யாருடையது? பெரும்பாலும் துறைமுகத்துடையது, நகரத்துடையது, அரசாங்கத்துடையது. நியூயார்க் பக்கம் பெரிய கப்பல்கள் அடியில் நுழைய முடியவில்லை என்று பேயோன் பாலத்தின் சாலைத்தளத்தையே 151 அடியிலிருந்து 215 அடிக்கு உயர்த்தினார்கள், 2017-இல் கப்பல்கள் போகத் தொடங்கின. பனாமா 500 கோடி டாலருக்கு மேல் செலவழித்து 2016 ஜூனில் புதிய அகலமான நீர்ப்பூட்டுகளைத் திறந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகம் தன் எல்பே ஆற்றை மறுபடி ஆழப்படுத்தியது. ஐரோப்பா பாதையில் மிகப்பெரிய கப்பல்கள் வர வர, அங்கே ஓடிக்கொண்டிருந்த 8,000, 10,000 பெட்டிக் கப்பல்கள் வேலையிழந்து மற்ற பாதைகளுக்கு இறங்குகின்றன, அங்கேயிருந்தவை இன்னும் சிறிய பாதைக்கு. இப்படி ஒவ்வொரு படியாகத் தள்ளப்பட்டு, மெகா கப்பலைக் கண்ணால் பார்க்காத துறைமுகம்கூட ஆழம் தோண்ட வேண்டியதாகிறது.

பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடியின் கீழ் இயங்கும் சர்வதேசப் போக்குவரத்து மன்றம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் நேராகச் சொன்னது: கப்பல் பெரிதாகப் பெரிதாகக் கிடைக்கும் கூடுதல் மிச்சம் சுருங்கிக்கொண்டே வருகிறது, புதிய கப்பல்கள் காட்டும் சிக்கனத்தில் பாதிக்கு மேல் அளவால் வந்ததல்ல, நல்ல எஞ்சினால் வந்தது. நல்ல எஞ்சினை நடுத்தரக் கப்பலிலும் வைக்கலாமே என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. கடலில் மிச்சமாகும் காசு கப்பல் நிறுவனத்தின் கணக்கில் பளிச்சென்று தெரிகிறது, கரையில் கூடும் செலவு பல பேரின் கணக்கில் சிதறிப்போவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. இது நியாயமில்லை என்பதே என் கருத்து.

ஆபத்தும் ஒரே இடத்தில் குவிகிறது. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்ட 'எவர் கிவன்' எல்லோருக்கும் நினைவிருக்கும். 400 மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய பெட்டிச் சுவர் பலமான காற்றை அப்படியே வாங்கும், குறுகலான கால்வாயில் கரையை நெருங்கினால் நீரோட்டமே கப்பலின் பின்பகுதியைக் கரைப்பக்கம் இழுக்கும். ஆறு நாள் கழித்து, பௌர்ணமியையொட்டி நீர்மட்டம் உயர்ந்த நேரத்தில், மணலைத் தோண்டியும் இழுவைக் கப்பல்களால் இழுத்தும் விடுவித்தார்கள். அதற்குள் நானூறு கப்பல் வரை காத்துக்கொண்டிருந்தன. விடுவித்த பிறகும் இழப்பீட்டுப் பேச்சுவார்த்தை முடியாமல் எகிப்து ஜூலை வரை கப்பலைப் பிடித்துவைத்திருந்தது, அதிலிருந்த சுமார் 18,000 பெட்டிகளின் சொந்தக்காரர்கள் எந்தத் தப்பும் செய்யாமல் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

தீ இன்னும் பயங்கரம். 2018 மார்ச்சில் சிங்கப்பூரிலிருந்து சூயஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'மேர்ஸ்க் ஹோனம்' அரபிக்கடலில் தீப்பிடித்து எரிந்து ஐந்து மாலுமிகள் இறந்தார்கள். அது 15,000 பெட்டி ஏற்றக்கூடிய கப்பல். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அனுப்புகிறவர் எழுதிக்கொடுப்பதுதான், தீப்பற்றும் ரசாயனத்தை வேறு பெயர் எழுதி அனுப்புகிறவர்களும் உண்டு. பெட்டி பல மடங்கு ஆன பிறகும் தீயணைக்க இருப்பது அதே இருபத்தைந்து பேர். கப்பல் பெரிதாவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மாலுமிகளைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை.

நம் பக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. முழுச் சுமையோடு இருக்கும் மெகா கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் 16 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். அதற்குமேல் பாதுகாப்புக்கும் ஆழம் விட வேண்டும். தூத்துக்குடியில் அந்த ஆழம் இல்லை. பெரிய கப்பல் ஒவ்வொரு துறைமுகமாக நின்றுபோனால் நேரம் போய்விடும் என்பதால் அது சில பெரிய துறைமுகங்களில் மட்டும் நிற்கும், மற்ற ஊர்ச் சரக்கைச் சிறிய 'ஃபீடர்' கப்பல்கள் அங்கே கொண்டுவந்து சேர்க்கும். இப்படிக் கப்பல் மாற்றுவதற்கு டிரான்ஷிப்மென்ட் என்று பெயர். திருப்பூர் பனியன் தூத்துக்குடியில் ஏறிக் கொழும்பில் இறங்கி அங்கே பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா போவது இந்த ஏற்பாட்டால்தான். கொழும்பு கிழக்கு-மேற்குக் கடல்பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 18 மீட்டர் ஆழமுள்ள முனையத்தை 2013-லேயே திறந்துவிட்டது. இந்தியாவின் டிரான்ஷிப்மென்ட் சரக்கில் முக்கால் பங்கு வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கைமாறிவந்தது, அதில் பெரும்பகுதி கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கிளாங்.

கன்னியாகுமரிக்கு அந்தப் பக்கம் கேரளாவின் விழிஞ்ஞத்தில் கட்டிய துறைமுகம் இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் வந்தது. கரையோரத்திலேயே இயற்கையாக ஆழம் உள்ள இடம், சர்வதேசக் கடல்பாதையும் பக்கத்தில். சுமார் 8,900 கோடி ரூபாயில் கட்டி 2025 மே 2 அன்று முறைப்படி திறந்தார்கள், அடுத்த மாதமே எம்எஸ்சி ஐரினா அங்கே வந்து நின்றது.

அப்படியானால் அடுத்து 30,000 பெட்டிக் கப்பலா? கட்டவே முடியாது என்று இல்லை. ஆனால் நீளத்தைக் கூட்டினால் துறைமுகங்களுக்குள் கப்பலைத் திருப்பும் இடம் போதாது. அகலத்தைக் கூட்டினால் 24 வரிசை வரை எட்டும் கிரேன்களை எல்லா ஊரிலும் மாற்ற வேண்டும். ஆழத்தைக் கூட்டினால் மறுபடி தோண்ட வேண்டும். 2019-இல் 23,756-ஐத் தொட்ட கொள்ளளவு அதற்குப் பிறகு சில நூறுகளாகத்தான் நகர்ந்திருக்கிறது. 24,000 அளவுக் கப்பல்களுக்கு ஆர்டர் இன்னும் வருகிறது, ஆனால் 13,000 முதல் 16,000 வரை உள்ள கப்பல்களையும் நிறுவனங்கள் நிறைய வாங்குகின்றன. அவற்றில் பல, பனாமாவின் புதிய பூட்டுகளில் நுழையும், நிறைய துறைமுகங்களில் நிற்கும், ஒரு பாதையில் சரக்கு குறைந்தால் வேறு பாதைக்கு மாற்றிவிடலாம். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு பெரும்பாலானோர் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோது, பாதை எப்போது வேண்டுமானாலும் மாறும் என்பதைக் கப்பல் நிறுவனங்கள் மறுபடி கண்ணெதிரே பார்த்தன.

நீங்கள் ஏற்றுமதி செய்கிறவராக இருந்தால், ஏஜென்ட் சொல்லும் கடல் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள்: பெட்டி எந்தத் துறைமுகத்தில் கப்பல் மாறுகிறது, அங்கே எத்தனை நாள் காத்திருக்கும், அது ஏறும் பெரிய கப்பல் வாரத்துக்கு எத்தனை முறை வருகிறது. பெரிய கப்பலில் போகிற பெட்டிக்கு, அந்த வாரக் கப்பலைத் தவறவிட்டால் பெரும்பாலும் அடுத்த வாரம்தான்.